79 ரிங்கிட் ரப்பர் கைவலையும் என் கேமராவின் கடிகாரமும்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் தூண்டில் சாமான் விற்கும் ஒரு சின்னக் கடையில் ஏழு மாதத்துக்கு முன் இந்தக் கைவலையை வாங்கினேன். இங்கே எல்லோரும் தங்குக் என்போமே, அதுதான். அலுமினிய வளையம், இழுத்தால் நீளும் கைப்பிடி, நைலான் வலைக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வலை. பிராண்ட் பெயர் எதுவும் கிடையாது. விலை 79 ரிங்கிட். அதே ஆணியில் 25 ரிங்கிட்டுக்கு நைலான் தங்குக்கும் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மடங்கு காசு கொடுத்து ரப்பரை ஏன் வாங்க வேண்டும் என்று கடைக்கு வந்திருந்த ஒரு தம்பி கேட்டார். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஏழு மாதம் பயன்படுத்திய பிறகு இப்போது சொல்கிறேன்.

தொழிலால் நான் கல்யாணப் புகைப்படக்காரன். வீடு பிறையில். கல்யாணம் இல்லாத நாட்களில் மச்சானோடு தூண்டில் போடப் போவது பதினைந்து வருடப் பழக்கம். கடந்த மூன்று வருடமாக அதோடு ஒரு வேலையும் ஒட்டிக்கொண்டது. செபராங் பிறை பக்கம், கட்டணம் கட்டிப் பிடித்துவிட்டு மீனைத் திரும்பக் குளத்திலேயே விட வேண்டிய கோலாம்கள், அதாவது மீன்பிடிக் குளங்கள், இருக்கின்றன. மீனை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்பதால் அங்கே கையில் மிஞ்சுவது படம் மட்டும்தான். பிறந்தநாள், கம்பெனிப் போட்டி, வெளியூரிலிருந்து வந்த தம்பிக்கு ஒரு நாள் விருந்து என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். நானும் கேமராவோடு போவேன்.

ஆகவே எத்தனை கிலோ தாங்கும், எத்தனை நாள் உழைக்கும் என்பதோடு இன்னொரு கேள்வியையும் வைத்துத்தான் இந்தக் கைவலையைச் சோதித்தேன். படத்துக்காக மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும் நேரத்தை இது குறைக்கிறதா? அந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

தைப்பூசம் முடிந்த வாரம். ஒருவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். குடும்பமே கோலாமுக்கு வந்திருந்தது. மாலை ஐந்தரைக்கு மேல் அவருக்கு ஒரு சியாக்காப் சிக்கியது. ஊர்ப் பக்கம் கொடுவா என்பார்களே, அந்த மீன். ஆறு கிலோவுக்குக் குறையாது. வெயில் சாய்ந்து மீன் மேல் தங்கம் பூசியது போல வெளிச்சம். நான் விடவில்லை. முதலில் அவர் தனியாக, அப்புறம் மனைவியோடு, அப்புறம் பேரன் மீனின் வாலைத் தொடுவது போல. "மீனைக் கொஞ்சம் முன்னால நீட்டுங்க சார்", "கண்ணாடியைக் கழற்றிடுங்க", "இன்னொண்ணு, இன்னொண்ணு". நடுவில் ஒரு முறை மீன் நழுவி சிமெண்டில் விழுந்தது. எடுத்து மீண்டும் பிடித்துக்கொண்டார். கடைசியில் குளத்தில் விட்டபோது மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து மெதுவாக உள்ளே போனது. எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை, மறந்து வைத்துவிட்டு வந்த ரிஃப்ளெக்டரை எடுக்கப் போனேன். கோலாமின் முதலாளி, தவுக்கே என்போம், நீண்ட கம்பால் இரண்டு மீன்களைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒன்று அந்த சியாக்காப்தான். வாலின் மேல்நுனியில் ஒரு சின்னப் பிளவு இருந்ததை நான் முந்தின நாள் லென்ஸ் வழியாக அவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன். "செமாலாம் புன்யா" என்றார் தவுக்கே. நேற்றையது. ஆட்கள் வருவதற்கு முன் சாக்கில் போட்டுக் கட்டினார். அவருக்கு அது தினசரிக் காலை வேலை.

வீட்டுக்கு வந்து படங்களைத் திறந்தேன். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தின் உள்ளேயும் எடுத்த நேரத்தை விநாடி வரை எழுதி வைக்கும். முதல் படம் 5:41:07. கடைசிப் படம் 5:42:59. மொத்தம் 23 படங்கள். அவர்களுக்கு நான் கொடுத்தது 3. அந்த 1 நிமிடம் 52 விநாடியும் மீன் காற்றில்தான் இருந்தது.

அன்றிரவு மூன்று வருடக் கோப்புகளையும் திறந்து ஒவ்வொரு மீனுக்கும் முதல் படம், கடைசிப் படம் என்று கணக்குப் பார்த்தேன். நான் வேகமாக வேலை செய்பவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகக் குறைந்தது 28 விநாடி. பெரும்பாலானவை ஒரு நிமிடத்தைத் தாண்டியிருந்தன. அதுவும் முதல் படத்துக்கு முன்னால் தூண்டில் முள்ளைக் கழற்றிய நேரத்தையும், கடைசிப் படத்துக்குப் பின்னால் தண்ணீர் வரை நடந்த நேரத்தையும் சேர்க்காமல்.

அந்த மீன் எதனால் செத்தது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பத்து நிமிடம் இழுத்துப் போராடியது. சிமெண்டில் விழுந்தது. தண்ணீரும் சூடு. ஆனால் அந்த 112 விநாடிகள் தூண்டிலால் வந்தவை அல்ல, சூட்டால் வந்தவையும் அல்ல. அவை என்னால் வந்தவை.

மீனின் செவுளுக்குள் மெல்லிய இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. தண்ணீரில் அவை விரிந்து நிற்கும். குளத்தில் முங்கும்போது விரிந்து மிதக்கும் கூந்தல், மேலே வந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிச் சடையாகத் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுக்கு வந்ததும் செவுளும் அப்படித்தான் ஆகிறது. சுற்றிலும் எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தாலும் எடுக்க முடியாது. உள்ளே சேர்ந்த கரியமில வாயுவை வெளியே தள்ளவும் முடியாது. அதிலும் அது ஓய்ந்து வந்திருக்கிற நேரம். தண்ணீர்மலைக் கோயிலின் 500க்கும் மேற்பட்ட படிகளை ஒரே மூச்சில் ஓடி ஏறி உச்சியில் நிற்கிறீர்கள். யாரோ வந்து உங்கள் மூக்கையும் வாயையும் பொத்திப் பிடித்துக்கொண்டு "சிரிங்க" என்கிறார். அப்படி ஒரு நிலையில்தான் நாம் மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

1992-ல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் ரெயின்போ டிரவுட் மீன்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சோர்ந்து விழும்வரை விரட்டிவிட்டுக் காற்றில் வைக்காமல் விட்ட மீன்களில் 12 மணி நேரத்துக்குள் 12 சதவீதம் செத்தன. விரட்டிய பிறகு 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 சதவீதம். 60 விநாடி வைத்தவற்றில் 72 சதவீதம். அது ஆய்வுக்கூடத்தில், குளிர்நீர் மீனை வைத்துச் செய்தது என்பதை மறைக்க மாட்டேன். பின்னால் ஆறுகளில் செய்த சில ஆய்வுகளில் இவ்வளவு மோசமான முடிவு வரவில்லை. மீனுக்கு மீன் வேறுபடுகிறது. ஆனாலும் 2015-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்கள், 10 விநாடிக்கு மேல் காற்றில் வைக்காதீர்கள் என்றுதான் பரிந்துரைத்தார்கள். நம் ஊர் தண்ணீருக்கு அந்தப் பரிந்துரை இன்னும் அழுத்தமாகப் பொருந்தும் என்பது என் கருத்து. 10 டிகிரி நன்னீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராம் போல ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரைதான், அதுவும் நிறைந்திருந்தால். மூச்சுத் திணறிய மீன் திரும்பிப் போகிற இடத்திலும் மூச்சு குறைவு.

சரி, கைவலைக்கு வருகிறேன்.

இதன் முதல் நன்மை ரப்பர் அல்ல, பையின் வடிவம். பழைய நைலான் வலை ஆழமாகக் கூம்பு போல இருக்கும். மீன் உள்ளே விழுந்ததும் வில்லாக வளைந்து, செவுள் மூடி வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். தண்ணீருக்குள் வைத்தால் பிரிக்க முடியாது. ஆகவே மேலே தூக்கித்தான் ஆக வேண்டும். இந்த ரப்பர் வலையின் அடி தட்டையாக, தாம்பாளம் போல இருக்கிறது. வளையத்தைத் தண்ணீர் மட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் மீன் உள்ளே நீட்டிப் படுத்து மூச்சு விடுகிறது. அப்போது முள்ளைக் கழற்றலாம், கேமராவைத் தயார் செய்யலாம், வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பலாம். மீன் தண்ணீரில்தான் இருக்கிறது. 79 ரிங்கிட்டுக்கு நான் வாங்கியது இந்த அவகாசத்தைத்தான்.

ரப்பரின் நன்மை அடுத்தது. மீனின் உடம்பில் கையில் ஒட்டும் அந்த வழவழப்பு அதற்குத் தோலின் மேல் இன்னொரு தோல். நோய்க்கிருமி உள்ளே போகாமல் காப்பது அது. முடிச்சுப் போட்ட நைலான் அதை உரித்துவிடும், துடுப்பையும் கிழிக்கும். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் நான்கு வகை வலைகளை ஒப்பிட்டபோது முடிச்சு நைலான்தான் அதிகம் காயப்படுத்தியது. என் பழைய வலையைக் கழுவும்போதெல்லாம் செதில் உதிர்ந்து வாளியில் மினுங்கும். இந்த ஏழு மாதத்தில் அப்படி வந்தவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இன்னொன்று, லூர் என்ற செயற்கை இரையில் இருக்கும் மூன்று முள் நைலானில் குத்திக்கொண்டால் கத்தரிக்கோல்தான் வழி. மீன் துள்ள, வலை முறுக்க, முள் இன்னும் இறுகும். ரப்பரில் குத்தினாலும் இழுத்தால் வந்துவிடுகிறது. முள் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் சின்ன முனையைக் குறட்டால் அழுத்தித் தட்டையாக்கி வைத்திருந்தால் இன்னும் சுலபம். சியாக்காப் பிடிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சேதி: அதன் செவுள் மூடியின் விளிம்பு பிளேடு போல. என் வலது கையில் இரண்டு தழும்பு அதனால் வந்தவை. வலைக்குள் வைத்தே வேலையை முடித்தால் கையும் தப்பிக்கும்.

இனி படம் எடுப்பதைப் பற்றி. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் ஒரு முறைதான் வரும். கெட்டிமேளம் கொட்டும்போது நான் செட்டிங்கைத் தேடிக்கொண்டிருக்க மாட்டேன். ஐயர் மாங்கல்யத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே வெளிச்சத்தை அளந்து, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, மாப்பிள்ளையின் கை எந்தப் பக்கம் வரும் என்று பார்த்து வைத்திருப்பேன். இத்தனை வருடமும் அந்த ஒழுங்கை மண்டபத்தோடு விட்டுவிட்டு, குளத்துக்கு வந்தால் மட்டும் மீன் கைக்கு வந்த பிறகு லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். மணப்பெண்ணுக்குக் கொடுத்த மரியாதையை மீனுக்கும் கொடுத்திருக்கலாம்.

இப்போது மீன் வலைக்குள் இருக்கும்போதே பிடித்தவரை மண்டியிடச் சொல்கிறேன். நின்றுகொண்டு தூக்கினால் நழுவும் மீன் பலகையில் விழும். மண்டியிட்டால் தண்ணீரில் விழும். இரண்டு கையையும் நனைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வெறும் கையை வலைக்கு மேலே நீட்டச் சொல்லி அதை வைத்து வெளிச்சத்தையும் ஃபோகஸையும் சரிசெய்கிறேன். இரண்டு மூன்று படம் எடுத்தும் பார்த்துவிடுவேன். மனைவி, பேரன் எல்லோரும் அவரவர் இடத்தில் சிரித்த முகமாக வந்து உட்கார்ந்த பிறகுதான் மீன். நான் பலகையில் குப்புறப் படுத்து லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். மூன்று எண்ணுவேன். ஒரு கை வாலின் அடியில், ஒரு கை வயிற்றின் கீழ். வயிறு தண்ணீரை உரசும் அளவுக்குத் தூக்கினால் போதும். நாலைந்து படம் ஒரே அழுத்தில். திரும்பத் தண்ணீர்.

கேமராவின் கடிகாரத்தை இப்போதும் பார்க்கிறேன். பெரும்பாலும் 3 முதல் 5 விநாடி. ஒரு முறை 9 வந்தது. அன்றைக்குப் பையன் அழுதுவிட்டான். படத்தில் மீனிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தால் அது சற்றுமுன் தண்ணீரில் இருந்த மீன். உலர்ந்து பளபளப்பு போன மீனின் படத்தைப் பார்த்தால் இப்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது எத்தனை விநாடி என்பதுதான்.

பாதிப் பேருக்கு நான் மீனைத் தூக்கச் சொல்வதே இல்லை. வலைக்குள் மீன், அதன் தலைக்குப் பக்கத்தில் பிடித்தவரின் கை. தண்ணீர் மேல் பளபளப்பதைக் குறைக்க போலரைசர் ஃபில்டரைத் திருப்பினால் முதுகின் நிறமும் கண்ணின் செம்பளபளப்பும் அப்படியே வரும். தண்ணீர் புகாத உறையில் போனைப் போட்டுத் தண்ணீருக்குள்ளும் முயன்று பார்த்தேன். நம் கோலாம்களில் தண்ணீர் கலங்கல். பத்தில் எட்டு வீண்.

இந்தக் கறுப்பு வலை படத்துக்கு ஒரு தொல்லையும் கொடுக்கிறது. கறுப்புப் பின்னணியைப் பார்த்ததும் கேமராவின் ஆட்டோ வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வெள்ளி நிற மீனின் பக்கம் வெளுத்து, செதிலின் கோடெல்லாம் போய்விடும். கேமராவில் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்துக்கொள்ளுங்கள். போன் என்றால் மீன் மேல் தொட்டு, வரும் சூரியச் சின்னத்தைக் கீழே இழுங்கள். கண்ணாடி போன்ற நிறமற்ற ரப்பர் வலையும் கடைகளில் வருகிறது. படம்தான் முக்கியம் என்பவர்கள் அதைப் பார்க்கலாம்.

வாடிக்கையாளர்களில் சிலருக்கு இந்த முறை பிடிக்கவில்லை. கையை முன்னால் நீட்டி மீனைப் பெரிதாகக் காட்டும் படம் இதில் வராது. "மீன் சின்னதா தெரியுதே அண்ணே" என்பார்கள். அதற்காகக் கைப்பிடியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு என்று டேப் ஒட்டியிருக்கிறேன். மீனைத் தண்ணீரிலேயே வைத்து அளந்து, அந்த அளவையும் படத்தில் காட்டிவிடுகிறேன். அப்படியும் இரண்டு பேர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். போகட்டும்.

மச்சானுக்கு வேறு வாதம். "தோமானுக்கு எதுக்கு மச்சான் இதெல்லாம்? அது தரையில போட்டாலும் மூச்சு விடும்." அவர் சொல்வதில் பாதி உண்மை. தோமானும் ஹாருவானும் விரால் குடும்பம். காற்றை நேராக மூச்சிழுக்கும் உறுப்பு தலைக்குள் இருக்கிறது. மேலே வந்து காற்று வாங்காவிட்டால்தான் அவை சாகும். அதனாலேயே தோமானை வலைக்குள் வைக்கும்போது வாய் நீர்மட்டத்துக்கு வர இடம் விட வேண்டும். முழுக்க அமுக்கி வைத்துவிட்டு நல்லது செய்வதாக நினைக்கக்கூடாது. ஆனால் மூச்சு ஒன்றுதானா? சூடேறிய சிமெண்டில் தோமானின் வழவழப்பும்தான் உரிகிறது. அதன் உடம்பு தண்ணீர் தாங்கும் எடைக்குப் பழகியது. தாடையில் ஒரே இடத்தில் பிடித்துத் தொங்கவிட்டால் முழு எடையும் அங்கே விழும். கொடுவா மீன்களை வைத்தே 2009-ல் ஓர் ஆய்வு வந்தது. வாயைக் கவ்விப் பிடிக்கும் கிரிப் கருவியில் தூக்கிய மீன்களுக்குக் கீழ்த்தாடைச் சவ்வில் காயமும் துளையும் ஏற்பட்டன. தொங்கவிட்டவற்றின் முதுகெலும்பு வரிசையும் மாறியிருந்தது. மச்சான் இப்போது கிரிப்பைப் பெட்டியிலிருந்து எடுப்பதில்லை. தோமானைப் பலகையில் வைப்பதை மட்டும் இன்னும் விடவில்லை. பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.

அம்மாவின் கேள்விதான் கடினம். நான் இந்த விநாடிக் கணக்கையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொல்லிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "திங்கவும் மாட்டே, சும்மா விடவும் மாட்டே. வாயில குத்தி இழுத்துட்டு, அப்புறம் பத்து விநாடி, அஞ்சு விநாடின்னு என்னடா கணக்கு?" சுவிட்சர்லாந்தில் 2009 முதல், திரும்ப விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதே சட்டப்படி கூடாது. உண்பதற்காக என்றால் பிடிக்கலாம். ஜெர்மனியிலும் நியாயமான காரணம் இல்லாமல் விலங்குக்கு வலி தரக்கூடாது என்ற சட்டம் மீனுக்கும் பொருந்துகிறது. அம்மா அந்தச் சட்டத்தையெல்லாம் படித்தவர் இல்லை. ஆனால் அவர் நிற்பது அதே இடத்தில். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வேறு வழி. அங்கே 40 அங்குலத்துக்கு மேற்பட்ட டார்ப்பன் என்ற மீனைத் தண்ணீரை விட்டு எடுக்கக்கூடாது. சாதனைப் பதிவுக்கென்று வாங்கும் டேக் இருந்தால் மட்டும் விலக்கு. நம் கடலில் கிடைக்கும் இக்கான் புலானின் பெரிய உறவுக்காரன் அது. பிடி, படமும் எடு, ஆனால் தண்ணீரிலேயே வைத்து எடு. நான் இப்போது நிற்பது ஏறத்தாழ அங்கே. அம்மாவுக்கு அது பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவரிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வேறொரு கோலாமில் இதே மாதிரி ரப்பர் வலையோடு ஒரு குழுவைப் பார்த்தேன். மீனை வலையோடு தூக்கி, வெயிலில் காய்ந்த சிமெண்டில் வைத்து, ஆளுக்கொரு படம் எடுத்துக்கொண்டார்கள். நான் போய்ச் சொன்னதும், "ரப்பர் வலைதானே பாஸ், ஒண்ணும் ஆகாது" என்றார் ஒருவர். கோபப்படாமல் என் போனில் இருந்த அந்த 5:41, 5:42 படங்களைக் காட்டினேன். மறுநாள் காலை பார்த்ததையும் சொன்னேன். அடுத்த மீனைத் தண்ணீரிலேயே வைத்து எடுத்தார்கள். ரப்பர் என்பதால் மீனுக்குக் கூடுதல் நேரம் கிடைப்பதில்லை. வலை தண்ணீரில் இருக்கும்வரைதான் அதற்கு அர்த்தம்.

விடும்போதும் வலை உதவுகிறது. மீனை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். வலைக்குள் நிமிர்த்திப் பிடித்தபடி நில்லுங்கள். கோலாமில் காற்றடிக்கும் சக்கரம் சுற்றுகிற பக்கம் போய் விடுவது நல்லது, அங்கே ஆக்ஸிஜன் கூடுதல். தானாக வாலை அடித்து வெளியே போகும்போது வளையத்தைத் தாழ்த்தினால் போதும்.

கடலுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பினாங்குப் பாலத்தின் தூண்களுக்குப் பக்கத்தில் படகில் இரண்டு முறை பயன்படுத்தினேன். அங்கே நீரோட்டம் வேகம். ரப்பர் வலை பாய் மாதிரி தண்ணீரை வாங்கிக்கொண்டு கையைப் பிடுங்குகிறது. கைப்பிடி முழுக்க நீட்டினாலும் படகின் விளிம்பிலிருந்து எட்டவில்லை. அங்கே பிடிப்பதை நாங்கள் பெரும்பாலும் குழம்புக்குக் கொண்டுவருகிறோம். அப்படிக் கொண்டுவரும் மீன் என்றால் தலையில் தட்டி உடனே கொன்றுவிட்டு, ஐஸில் வைத்து, பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் படம் எடுங்கள். சாகிற மீனைத் துடிக்கத் துடிக்கப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டாம்.

குறைகள். நனைந்தால் கனம். ஒரு நாள் முழுக்கப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். கைப்பிடியைப் பூட்டும் பிளாஸ்டிக் பொத்தானுக்குள் மணல் போய் மூன்றாம் மாதமே இறுகிவிட்டது. வெந்நீரில் ஊறவைத்துத்தான் சரியானது. வளையத்தைப் பிடிக்கும் ரிவெட் ஒன்று அந்தக் கடல் பயணத்துக்குப் பின் துருப்பிடித்தது. ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டேன், இரண்டு ரிங்கிட். ஐந்தாம் மாதம் வளையத்தை ஒட்டிய ரப்பர் இழை ஒன்று பிளந்தது. கார் பின்பெட்டிச் சூட்டிலேயே போட்டு வைத்தது என் தவறு. இப்போது வீட்டு நிழலில் தொங்கவிடுகிறேன். வலை மட்டும் தனியாக 30 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, முழுதாக வாங்க வேண்டியதில்லை.

நிறைய பேர் ரப்பர் பூசிய நைலானை ரப்பர் என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அது இதைவிட 30 ரிங்கிட் போலக் குறைவு. முடிச்சு இல்லாததாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் பூச்சு உரியத் தொடங்கினால் முள் மாட்டும். கடையில் நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே நூல் தெரிந்தால் அது பூச்சு.

அளவைப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது வாய் 55 சென்டிமீட்டர். மூன்று கிலோ சியாக்காப் வரை நீட்டிப் படுக்கிறது. அதற்கு மேல் என்றால் வால் மடங்கிவிடுகிறது, மீன் அமைதியாக இருப்பதில்லை. அந்தப் பிறந்தநாள் மீன் இதற்குள் அடங்கியிருக்காது. அடுத்த மாதம் 70 சென்டிமீட்டர் ஒன்று வருவதாகக் கடைக்காரர் சொன்னார். எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.